பல் மருத்துவரும் மில்லிங் மெஷினும்

அவர் எங்கள் தெருவுக்குக் குடிவந்த அன்று, முதலில் என் வீட்டு இரும்புக் கேட்டின் விளிம்பைக் கட்டைவிரல் நகத்தால் நீளவாக்கில் தடவிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் எனக்கு வணக்கம் சொன்னார்.

"பிசிரு நிக்குதுங்க சார். யாரு செஞ்சது?"

"புதுக் கேட் அம்மா. நல்ல பட்டறையில் செய்தது" என்றேன்.

"நல்ல பட்டறையில மோசமா செஞ்சிருக்கான். என்னைக்காச்சும் யாராச்சும் சேலய மாட்டிக்கப் போறாங்க. அரம் இருக்குதுங்களா ஊட்ல?"

இல்லை என்றேன். லாரியிலிருந்து அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்த தம் சாமான்களுக்குள் கையை விட்டு ஓர் அரத்தை எடுத்துவந்து, சுமை இறக்கும் ஆட்களும் என் மனைவியும் பார்த்துக்கொண்டிருக்க, என் கேட்டை அராவத் தொடங்கினார். பொறியியல் கல்லூரி ஒன்றில் முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் வீட்டுப் பொருளில் குற்றம் கண்டவர் அதுவரை நாமக்கல்லில் யாருமில்லை. அன்று நான் அவரை மன்னிக்கவில்லை என்பதை மறைப்பதற்கில்லை.

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. அவர் பல் மருத்துவர். எங்கள் எல்லோருக்கும் டாக்டரம்மா. அவருடைய பலகையில்கூடப் 'பல் மருத்துவமனை' என்ற சொற்களைத் தவிர வேறெதுவும் இருந்ததில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "வேலை நல்லா இருந்தா பேரு எதுக்குங்க? மோசமா இருந்தா பேரப் போட்டுக்க வெக்கமா இருக்காதுங்களா?" என்றார்.

மோசமாகச் செய்யப்பட்ட ஒரு பொருளைக் கண்டால், தம்மைக் கைநீட்டி அடித்துவிட்டதைப் போல அவருக்குக் கோபம் வரும். குரலை உயர்த்த மாட்டார். கெட்ட வார்த்தை எதுவும் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. "யாருக்குத் தெரியப் போவுதுன்னு செஞ்ச வேலை" என்பார். அவருடைய அகராதியில் அதைவிடக் கடுமையான வசை கிடையாது. ஒரு மனிதனைப் பற்றி அவர் அப்படிச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அந்த மனிதனுக்கு அவரிடம் மீட்சியில்லை.

என் கடைவாய்ப் பல்லுக்காக அவருடைய மருத்துவமனையில் காத்திருந்தபோது கேட்ட உரையாடல் ஒன்று நினைவுக்கு வருகிறது. உள்ளே நாற்காலியில் ஒரு முட்டை வியாபாரி. வேறெங்கோ அடைத்துக்கொண்டு வந்த பல். மேல் பல்லோடு இடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"பரவால்லீங்க டாக்டரம்மா. கொஞ்சம்தான் இடிக்குது. பழகிக்கிறேனுங்க."

"பழகிக்கறதுக்கு அதென்ன சம்பந்தி ஊடா? வாயத் தெறங்க."

அவரை விடவேயில்லை. நீல நிறத்தில் மெல்லிய காகிதம் ஒன்றைப் பற்களுக்கிடையே வைத்துக் கடிக்கச் சொல்லி, எங்கே சாயம் பதிகிறதோ அங்கே மட்டும் தேய்த்து, மறுபடி கடிக்கச் சொல்லி, மறுபடி தேய்த்து... வெளியே நாங்கள் ஒரு வரிசையே காத்திருந்தோம். யாராவது முணுமுணுத்தால், கதவைத் திறந்து ஒரு பார்வை பார்ப்பார். முணுமுணுப்பு நின்றுவிடும்.

ஒரு திருமண மண்டபத்தில் பந்திக்கு வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர்களின் வாய் சரியாக மடிக்கப்படாமல் கூர்மையாக இருந்தது. அவர் எழுந்து சமையலறைக்கே போய், அத்தனை டம்ளர்களையும் திரும்ப எடுக்க வைத்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "பல்லு டாக்டருக்கு டம்ளர்ல என்னங்க வேலை?" என்று கேலி செய்தார். "ஒதடு கிழிஞ்சா எங்கிட்டத்தானுங்க ஓடி வருவீங்க, அதான் முன்னாடியே வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு இலையில் உட்கார்ந்தார்.

இப்படிப்பட்டவரிடம்தான் அந்த இயந்திரம் வந்து சேர்ந்தது.

மருத்துவமனையை மூடியபின் அவருக்கு ஓர் ஆசை இருந்தது. அவருடைய தந்தை நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறை வைத்திருந்தவர். வெல்டிங் பொறிகளுக்கும் ரம்பச் சத்தத்துக்கும் நடுவே வளர்ந்த பெண் இவர். அந்தப் பட்டறையில் கட்டியது போன்ற ஒரு லாரியை, கீல்கள் திறந்து மூடும்படியாக, பின்கதவின் கொண்டி முதற்கொண்டு வேலை செய்யும்படியாக, ஒரு முழ நீளத்தில் உலோகத்தில் செய்ய வேண்டும் என்பது ஆசை. அதற்காக மேசைமேல் வைத்து இயக்கும் சிறிய மில்லிங் மெஷின் ஒன்றை வாங்கினார். பலகையில் இறுக்கிப் பிடித்த உலோகத் துண்டை, மேலிருந்து சுழலும் கட்டர் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி உருவம் கொடுக்கும் இயந்திரம் அது. சேலத்துக்கு வெளியே தொழிற்கூடம் வைத்திருந்த ஒருவர் செய்து விற்றது. அவர் என் பழைய மாணவர். விளம்பரத் தாளில் என் படமும், 'வடிவமைப்பில் குறை காண முடியாத சிறிய இயந்திரம்' என்ற என் வாசகமும் இருந்தன.

வாங்கிய மறுவாரம் டாக்டரம்மா என் கேட்டருகே வந்து நின்றார்.

"ஏனுங்க சார், உங்க போட்டோவ நம்பி வாங்குனத வந்து ஒருக்கா பாருங்க."

பல் நாற்காலியை அகற்றிய அறையில், கனத்த மேசைமேல் இயந்திரம் இருந்தது. இல்லை, அதன் பாகங்கள் இருந்தன, எல்லாவற்றையும் கழற்றிப்போட்டிருந்தார். கட்டரைத் தாங்கும் தூண் ஒருபுறம், அது நிற்கவேண்டிய அடிப்பலகை ஒருபுறம். நோயாளிகள் கடிப்பதற்கு வைத்திருந்த அதே நீலக் காகிதத்தை இரண்டுக்கும் நடுவே வைத்து அழுத்திக் காட்டினார். நான்கு மூலைகளில் இரண்டில் மட்டுமே சாயம் பதிந்தது.

"இரும்பு மேல இரும்பு நிக்கோணும். இங்க பெயிண்ட்டு மேலயும் பட்டி மேலயும் நிக்குது. அடியில செதுக்கி மட்டம் பண்ணவே இல்ல. மேடு பள்ளத்தப் பட்டி பூசி மறச்சிருக்கான். அதான் தூணு முன்னால சாயுது. குழிய நேரா வெட்டுனா சாஞ்சு வெட்டுது. யாருக்குத் தெரியப் போவுதுன்னு செஞ்ச வேலை."

பலகை வழுக்கிச் செல்லும் தடத்தில் தளர்ச்சியை அடக்க வைத்திருக்கும் பட்டையைத் தூக்கிக் காட்டினார். புளியங்காயைப் போல வளைந்திருந்தது. கைச்சக்கரத்தைத் திருப்பினால் கால் சுற்றுவரை பலகை நகரவில்லை. "கூப்புட்டா ரெண்டாந்தரந்தான் திரும்பிப் பாக்கற மருமகப் புள்ளையாட்ட" என்றார். கடைசியாக உள்ளங்கையை விரித்தார். அதில் பல் உதிர்ந்த பிளாஸ்டிக் கியர்.

"ஒரு அலுமினியத் துண்டுக்கே பல்லு கொட்டிப்போச்சுங்க. எங்கிட்டயே வந்து இந்த வேலையக் காட்டறான் பாருங்க."

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டியவனாக இருக்கிறேன். நான் ஆராய்ந்து வாசகம் எழுதிக்கொடுத்த இயந்திரம் இதுவன்று. எங்கள் கல்லூரிப் பணிமனைக்கு அந்த மாணவர் கொண்டுவந்த மாதிரி இயந்திரத்தின் அடி, கண்ணாடிபோல் மட்டம் செய்யப்பட்டிருந்தது. கியர்கள் எஃகு. அதை நானே கழற்றிப் பார்த்தேன். காட்டியது ஒன்று, விற்றது ஒன்று. என் படத்தைக் கொண்டு அவன் விற்றது பட்டி பூசிய இரும்பை. அங்கேயே, டாக்டரம்மாவின் முன்னிலையிலேயே, அவனைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"சார், அது ஹாபி மெஷின்தானுங்க சார். அந்த வெலைக்கு அவ்வளவுதான் வரும். வாங்கறவங்களே கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க" என்றான் அவன்.

பொழுதுபோக்காக உழைக்கிறவனுக்குக் கை இல்லையா, கண் இல்லையா? தன் சேமிப்பில் ஆசைப்பட்டு வாங்குகிறவனை மட்டும் ஏமாற்றலாம் என்று எந்தப் பாடத்தில் இவனுக்குச் சொல்லித் தந்தோம்? என் வாசகத்தை உடனே நீக்கும்படி சொன்னேன். சரி என்றான். நீக்கவில்லை.

டாக்டரம்மா ஒவ்வொன்றாகத் திருத்தினார். பூசியிருந்த பட்டியைச் சுரண்டி எடுத்தார். நீலக் காகிதத்தை வைத்து அழுத்துவது, பதிந்த இடத்தை மட்டும் அராவுவது, மறுபடி அழுத்துவது. இதைப் பொறியாளர்கள் வேறு சாயத்தைப் பூசிச் செய்வோம். அவர் பற்களுக்குப் பழகிய கையால் செய்தார். முடிவில் மிஞ்சிய இம்மியளவு சாய்வுக்கு முன்பக்கத்தில் செம்புத் தகட்டின் சீவலை வைத்தார். வளைந்த பட்டைக்குப் பதிலாகப் பித்தளையில் ஒன்று. பிளாஸ்டிக் கியரைத் தூக்கியெறிந்துவிட்டு இரண்டு கப்பியும் ஒரு பெல்ட்டும். லாரி மட்டும் சட்டகத்தோடு நின்றிருந்தது. "மெஷினே நேரா நிக்கலீனா லாரி எப்பிடிங்க நேரா நிக்கும்?" என்பார்.

இவை எல்லாம் வேலையைக் கெடுக்கும் குறைகள். ஆளைக் கெடுக்கும் குறையை அவர் அதற்குப் பின்புதான் கண்டார்.

ஒரு முற்பகல். ஏதோ ஒரு துண்டைச் செதுக்கிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றது. எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார்; சுவிட்சைத் தொடவில்லை. இயந்திரந்தான் நின்றுவிட்டதே! துணியை எடுத்துக் கட்டரைச் சுற்றிக் கிடந்த சீவல்களைத் துடைத்தார். துடைத்துக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் திரும்பியது. கட்டர் தானாகச் சுழன்று, துணியைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது.

நான் போனபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்து தம் வலக்கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கீறல்கூட இல்லை. ஆனால் அவர் முகத்தில் நான் அதுவரை காணாத ஒன்று இருந்தது.

"கெணத்து மோட்டாருக்குக்கூட ஸ்டார்ட்டர் வெக்கறாங்க சார். எருமப்பட்டிக் காட்டுல போயிப் பாருங்க. பச்சைப் பட்டன், செவப்புப் பட்டன். கரண்ட் போனா அது உழுந்துரும். திரும்பி வந்தா ஆளு போயிப் பச்சைய அமுக்குனாத்தான் ஓடும். இவன் ஊட்டுல லைட்டு போடற சுவிட்ச வெச்சிருக்கான். கை வெக்கற மெஷினுக்கு!"

நான் பார்த்த மாதிரி இயந்திரத்தில் அந்தப் பச்சையும் சிவப்பும் இருந்தன. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதையும் கழற்றிவிட்டுத்தான் விற்றிருக்கிறார்கள்.

அன்று மாலையே டாக்டரம்மா ஒரு ஸ்டார்ட்டர் வாங்கிவந்து பொருத்தினார். விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அதே மாதம் எங்கள் ஊருக்கு வெளியே உள்ள ஒரு பெரிய விடுதிப் பள்ளியில், மாணவியருக்கான புதிய தொழிற்கூடத் திறப்புவிழாவுக்குத் தலைமை தாங்கும்படி எனக்கு அழைப்பு வந்தது. கூடத்துக்கு வாங்கப்பட்டிருந்தவை அதே இயந்திரங்கள். நான் பள்ளியின் தாளாளரை அழைத்து விவரம் சொன்னேன். கம்பெனிக்காரரிடம் கேட்டுவிட்டதாகவும், எல்லாம் சரிசெய்யப்பட்டுவிட்டதாகவும் அவர் உறுதி கூறினார். நான் நம்பினேன்; உறுதிமொழியை நம்புவது என் வளர்ப்பு. டாக்டரம்மாவுக்கும் அழைப்பு இருந்தது. தாளாளரின் பற்கள் அவர் கட்டியவை.

இயந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, செவ்வந்திப் பூச்சரம் சாத்தியிருந்தார்கள். ரிப்பன் இன்னும் வெட்டப்படவில்லை. என் பழைய மாணவன் வெள்ளைச் சட்டையில் நின்று, ஓர் இயந்திரத்தை ஓட்டிச் செயல்விளக்கம் செய்துகொண்டிருந்தான். இரட்டைப் பின்னல் போட்ட பிள்ளைகள் அதைச் சுற்றிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா இயந்திரத்தின் பக்கவாட்டில் இருந்த சுவிட்சைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதே வீட்டு விளக்குச் சுவிட்சுதான்.

"தம்பி, கரண்ட் போனா இது என்ன ஆவும்?"

"நின்னுக்குமுங்க."

"திரும்பி வந்தா?"

"இங்க கரண்ட் போனதே தெரியாதுங்க அம்மா" என்று தாளாளர் பெருமையோடு குறுக்கிட்டார். "ஜெனரேட்டரு தானா எடுத்துக்கும். கண்ணச் சிமிட்டறதுக்குள்ள."

டாக்டரம்மா பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "தள்ளி நில்லுங்க சாமி. எல்லாரும் செவுத்தோரம் போங்க" என்று பிள்ளைகளை அகற்றினார். கதவருகே இருந்த கூடத்தின் மெயின் சுவிட்சை இறக்கினார். மின்விசிறிகள் நின்றன; கட்டரும் நின்றது. மாணவன் புன்னகையோடு கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். இயந்திரத்தின் சுவிட்சை அவனும் அணைக்கவில்லை. டாக்டரம்மா திரும்பி வந்து, இயந்திரத்தின் தலையில் கிடந்த செவ்வந்திச் சரத்தை எடுத்துக் கட்டரைச் சுற்றித் தொங்கவிட்டார். அதன் நீளமும் கனமும் ஒரு பின்னலின் அளவுதான் இருந்திருக்கும். மறுபடி கதவருகே போய் மெயினைத் தூக்கிவிட்டார்.

சரம் கண்ணெதிரே காணாமல் போயிற்று. கட்டர் அதை வாரிச் சுருட்டிக்கொண்டு, நாரை அறுத்து, பூவைப் பிய்த்து எறிந்தது. தாளாளரின் சட்டையெல்லாம் மஞ்சள். ஒரு பிள்ளை, தன்னையறியாமல், தன் இரண்டு பின்னல்களையும் கைகளால் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா மெயினை இறக்கிவிட்டு நின்றார்.

"சுப காரியத்துல இப்பிடிப் பண்ணலாமுங்களா அம்மா?" தாளாளர் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"பூவோட போச்சேன்னு சாமி கும்புடுங்க."

என் மாணவன் முன்னால் வந்தான். "மேடம், ஸ்டிக்கர் ஒட்டிரலாமுங்க. 'மின்தடையின்போது சுவிட்சை அணைக்கவும்'னு பெருசா, செவப்புல."

"ஸ்டிக்கரா? பல்லு வலின்னு வந்தவனுக்கு 'வாய மூடிக்கோ'ன்னு எழுதி நெத்தியில ஒட்டி அனுப்பிச்சிருந்தா நான் எப்பவோ பங்களா கட்டியிருப்பேன் தம்பி."

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தலைவர் என்ற முறையில், ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஸ்டார்ட்டர் பொருத்தப்படும்வரை இந்தக் கூடம் திறக்கப்படவில்லை என்று அறிவித்தேன். ரிப்பனை வெட்ட வைத்திருந்த கத்தரிக்கோலை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியேறினேன். ஊரில் எனக்குத் தலைக்கனம் என்று பேசினார்கள். பேசட்டும்.

காரில் திரும்பும்போது, "இப்படிச் செய்யப்போவதை என்னிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"சொல்லியிருந்தா நீங்க கமிட்டி போட்டிருப்பீங்க."

இது நியாயமான குற்றச்சாட்டன்று. ஆயினும் அப்போது நான் மறுக்கவில்லை. அவர் சேலையில் ஒட்டியிருந்த மஞ்சள் இதழ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். "அந்தப் புள்ள சடையப் புடிச்சுக்கிட்டா பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

பள்ளிக்கு ஸ்டார்ட்டர்கள் வந்தன. பள்ளிக்கு மட்டும் வந்தன. அதைக் கண்டுபிடித்தவரும் டாக்டரம்மாதான். தம்மம்பட்டியில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் அதே இயந்திரத்தைப் புதிதாக வாங்கியிருப்பது தெரிந்து, விசாரித்திருக்கிறார். விளக்குச் சுவிட்சுதான். மறுநாளே பேருந்து ஏறிப் போய், ஸ்டார்ட்டரைத் தம் கையாலேயே பொருத்திவிட்டு வந்தார். அப்புறம் ராசிபுரத்தில் ஒருவர். ஆத்தூர்ப் பக்கம் ஒரு நெசவாளர். யாரோ யாருக்கோ சொல்லி, தெரியாத எண்களிலிருந்தெல்லாம் அழைப்பு வரும். "போறேனுங்க, பொழுதோட வந்துருவேன்" என்று என் மனைவியிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவார். இந்த வயதில் இது உங்கள் வேலையா, விற்றவன் வேலையா என்று நான் கோபப்பட்டேன்.

"அவன் வேலதானுங்க. அவன் செய்யற வரைக்கும் அந்தக் கையெல்லாம் பொறுத்துக்கிட்டு இருக்குமா?"

அந்த லாரிக்கு அவர் கூடு கட்டவேயில்லை. சென்ற கோடையில், உறக்கத்திலேயே, போய்விட்டார்.

அஞ்சலிக் கூட்டத்தை எங்கள் குடியிருப்போர் சங்கம் திருமண மண்டபத்தில் நடத்தியது. தாளாளர் பேசினார். பிறகு என் பழைய மாணவன் ஒலிபெருக்கியைப் பிடித்தான். டாக்டரம்மா தங்கள் நிறுவனத்துக்கு ஒரு தாயைப் போல இருந்தார் என்றான். எப்போதும் சிரித்த முகம் என்றான். எல்லோரையும் அனுசரித்துப் போன பெரிய மனசு என்றான். மண்டபம் தலையசைத்தது.

அந்த அம்மையார் தம் வாழ்நாளில் ஒரு பிசிரைக்கூட அனுசரித்துப் போனவரல்லர். இறந்த ஒருவரைப் புகழ்கிறோம் என்ற பெயரில், அவரிடமிருந்த ஒரே பெரிய குணத்தை அராவி எடுத்து, அந்த இடத்தில் பட்டி பூசிக்கொண்டிருந்தான் அவன். நான் எழுந்தேன். என் மனைவி என் கையைப் பிடித்தாள்.

"ஒரே ஒரு கேள்வி" என்றேன். "போன வாரம் நீ விற்ற இயந்திரம், மின்சாரம் போய்த் திரும்பி வந்தால், தானாகச் சுற்றுமா, சுற்றாதா?"

"சார், இது அஞ்சலிக் கூட்டமுங்க சார்."

"அதனால்தான் கேட்கிறேன்."

அவன் ஒலிபெருக்கியைப் பார்த்தான். தாளாளர் எட்டி என் தோளைத் தொட்டு, "உக்காருங்க சார், அப்பறமா பேசிக்கலாம்" என்றார். பதில் வரும்வரை உட்கார்வதாக இல்லை என்று சொன்னேன். பிறகு சங்கச் செயலாளர் அவசரமாக ஒலிபெருக்கியை வாங்கி, கூட்டம் இத்துடன் நிறைவடைந்தது, வெளியே காபி இருக்கிறது என்று அறிவித்தார். நாற்காலிகள் நகர்ந்தன, வரிசை வரிசையாக மண்டபம் காலியாயிற்று.

அவன் மேடையிலேயே நின்றிருந்தான். நான் உட்காரவில்லை.